மாதிரிக்கு ஒரு கோப்பு

முதலில் மாறியது பதினேழாவது கோப்பின் முகம்தான். ஒலிக்குறி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தாள் தெரிந்தது. பெயரின் வாலில் அவருக்குப் பழக்கமில்லாத ஐந்து எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கீழே அச்சகம் பூட்டிக் கிடந்தது. மாடியறை முழுக்க மையின் எண்ணெய் வாடை. மின்விசிறிக் காற்றில் காலண்டர் தாள் புரளும் சத்தம். அதற்கும் அடியில், கணினிப் பெட்டியிலிருந்து விடாமல் வந்துகொண்டிருந்த இரைச்சல். யாரும் தொடாமல் இருக்கும்போது அந்தப் பெட்டி அப்படி மூச்சு வாங்காது.

அச்சகத்தின் டிசைனர் அவர். மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. போவதற்கு முந்தைய வருடம், தன் வீட்டிலேயே உப்பு டப்பாவைத் தேடும் இந்த மனுஷனுக்காக அவள் பேசிப் பேசி ஒலிக்கோப்புகளாகப் பதிந்து, எண் போட்டு வைத்துவிட்டுப் போனாள். "வெள்ளைச் சட்டையையும் சிவப்புத் துண்டையும் ஒண்ணா ஊறப் போட்டீங்கன்னா, மறுநாள் ரோஸ் கலர்ல வேலைக்குப் போவீங்க. எனக்கென்ன." இப்படி இருநூற்றுச் சொச்சம். சிக்கனமாக நாளுக்கு ஒன்றுதான் கேட்பார். கடைசி அறுபதை இன்னும் கேட்கவில்லை. அவளிடம் இனி பேசுவதற்கு மிச்சம் இருந்தது அந்த அறுபதுதான்.

பதினெட்டு வெளுத்தது. பத்தொன்பது வெளுத்தது.

இருபது வருட அச்சகப் பழக்கம் ஒன்று அவர் கையில் ஊறியிருந்தது. எந்த வேலையில் சந்தேகம் வந்தாலும், முதலில் வெளி டிஸ்க்கில் ஒரு நகல். மூளை யோசிப்பதற்குள் கை அலமாரியைத் திறந்து டிஸ்க்கை எடுத்துச் சொருகிவிட்டது. அதன் சின்னப் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. பிறகு நிற்காமல் சிமிட்டியது. அவர் இன்னும் எதையும் நகலெடுக்கத் தொடங்கவே இல்லை.

மைத்துனனுக்குப் போன் போட்டார். கணினி பழுது பார்ப்பது அவன் தொழில். விஷயத்தைக் கேட்டதும் அவன் வழக்கமான கிண்டலை விட்டுவிட்டான். யாரோ உள்ளே புகுந்து, பணம் பறிக்கக் கோப்புகளைப் பூட்டுகிறார்கள் என்றான். நெட் கேபிளைப் பிடுங்கச் சொன்னான். பெட்டியை அணைக்க வேண்டாம், பூட்டிய சாவியின் துணுக்கு ஏதாவது அதன் நினைவகத்தில் மிஞ்சியிருக்கலாம் என்றான். திரையில் மிரட்டல் கடிதம் வந்தால் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். எந்தக் கூட்டம் என்று தெரிந்தால், அவர்கள் பூட்டை யாராவது ஏற்கெனவே உடைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பானாம்.

"மாமா, ஒண்ணு மட்டும். அந்த வெளி டிஸ்க்கைச் சொருகிடாதீங்க. அதுல இருக்கிற நகலும் போயிடும்."

அவர் பச்சை விளக்கைப் பார்த்தார்.

"சொருகிட்டீங்களா?"

கேபிளைப் பிடுங்கினார். டிஸ்க்கையும் பிடுங்கினார். அது கையில் சூடாக, உள்ளே ஏதோ சுழன்று ஓய்வது தெரியும்படி இருந்தது. திரையில் எல்லாமே வெள்ளை. ஒன்றிலிருந்து கடைசி வரை.

ஒன்பது நாளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் பெயரில் 'இறுதித் திருத்தம்' என்று ஒரு கோப்பு வந்தது. திறந்தார், அது அனுமதி கேட்டது, கொடுத்தார். ஒன்பது நாளும் அவர்கள் இந்த அறைக்குள்தான் இருந்திருக்கிறார்கள். பூட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்றான் மைத்துனன்.

"அவங்க கடிதம் வந்தா பதில் மட்டும் போட்டுடாதீங்க. நான் கிளம்பிட்டேன், ரெண்டு மணி நேரம். அக்கா குரல் எனக்கும் வேணும் மாமா."

போனை வைத்தார். கடிதம் திரையில் வந்து நின்றது. மரியாதையான கடிதம். பணம், கெடு, ஒரு முகவரி. கீழே ஒரு சலுகை: எங்களை நம்ப, ஏதாவது ஒரு கோப்பை அனுப்புங்கள், இலவசமாகத் திறந்து தருகிறோம்.

ஒன்றே ஒன்று.

பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு போனைக் கம்பியால் கணினியோடு இணைத்து, நாளைக்குக் கேட்க வேண்டிய கோப்பை எடுத்து அந்த முகவரிக்கு அனுப்பினார்.

நான்கு நிமிடத்தில் திரும்பி வந்தது. அவள்தான். குளியலறைக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் சொட்டாது என்று சொன்னாள். நடுவில் சிரித்தாள். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அழுதார்.

உடனே அடுத்த செய்தி.

நல்ல குரல். நாங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டோம்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காலண்டர் தாள் அசையவில்லை.

இன்னொரு கோப்பு வந்தது. அவர் கேட்காதது. அதன் பெயர் இன்றைய தேதி.

தொட வேண்டாம் என்று நினைத்தார். விரல் தொட்டுவிட்டது.

"ஏங்க."

அதே இழுப்பு. அதே மூச்சு.

"தம்பி கிளம்பிட்டான்ல. அவன் வந்தா கதவைத் திறக்காதீங்க. இவங்க கேக்குறதைக் குடுத்துடுங்க."

பிறகு, தணிந்த குரலில்:

"இங்க நான் மட்டும் இல்லைங்க."

அவள் பேச்சு நின்றது. கோப்பு நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால், ஒரு பெரிய கூடத்தில் கேட்பதுபோல, குரல்கள். ஒரு கிழவர். ஒரு குழந்தை. பெண்கள், நிறையப் பெண்கள். எல்லோரும் பொறுமையாக, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடாமல், தத்தம் வீட்டில் மிஞ்சியவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.