எதிராளியின் நேரம்

காலையில் என் முதல் வேலை, சதுரங்கக் கணினி இருக்கும் அறையின் குளிரைப் பார்ப்பது. அடுத்து, இரண்டு நிரல்களுக்கும் ஒரே அளவு நினைவகமும் ஒரே அளவு யோசிக்கும் நேரமும் கிடைக்கிறதா என்று பார்ப்பேன். ஓர் ஆட்டத்தில் வெள்ளைக் காய் பிடித்த நிரல், மறு ஆட்டத்தில் அதே தொடக்க நிலையில் கறுப்புக் காய் பிடிக்க வேண்டும். உப்பளஞ்சேரியின் சமன்காப்பாளர் நான், பெயர் சகாயராணி. எதிரே மேட்டுவயலின் சமன்காப்பாளர் வடுகநாதன் உட்கார்ந்து, நான் பார்த்த அத்தனையையும் மறுபடி பார்ப்பார். அந்த மனுஷனுக்கு என் மேல் துளி நம்பிக்கை கிடையாது. எனக்கும் அவர் மேல் அப்படித்தான்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து வருவது ஒரே குழாய். இரண்டு ஊருக்கும் அது போதாது. அதிகாரிகளை நம்பி, அடிதடியில் ஆட்களைப் பறிகொடுத்த பிறகு ஜனங்கள் கடைசியில் ஊருக்கொன்றாக எழுதி மோதவிட்ட செஸ் புரோகிராம்களை நம்பினார்கள். ஜெயிக்கும் ஊருக்கு ஓராண்டு தண்ணீர். டிரா ஆனால், குழாய் இப்போது யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கே. இருந்தது மேட்டுவயலிடம்.

எங்கள் நிரலை எழுதியவன் என் தம்பி அமல்தாஸ். அவன் மனைவி பிரகாசிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டயாலிசிஸ் இயந்திரம் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும். எங்கள் ஆஸ்பத்திரி லாரித் தண்ணீரில் எப்படியோ சமாளித்தது. லாரியும் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ராத்தூக்கம் போயிற்று.

கடைசி ஆட்டம் வந்தபோது புள்ளிகள் சமம். காய்கள் ஒன்றொன்றாகக் குறைய, டிரா ஆகிவிடும் போலிருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: மேட்டுவயலின் முறை வரும்போதெல்லாம் கணினி கூடுதலாகச் சூடேறியது. அவர்கள் நிரல் அளவுக்கு மீறிச் செயலியைத் தின்கிறது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"நிறுத்துங்க! இவங்க ஏமாத்துறாங்க. உள்ளே திறந்து பாருங்க!" என்று கத்தினேன். இரண்டு ஊரும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது.

வடுகநாதன் மறுக்கவில்லை. கணினியில் எந்த நிரல் எவ்வளவு ஓடுகிறது என்று திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சகாயராணிம்மா, நீங்களே வந்து பாருங்க."

மேட்டுவயல் நிரல் தன் பங்கோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே, தன் கடிகாரம் நின்றிருக்கும்போதும், எங்கள் நிரல் ஓசைப்படாமல் யோசித்துக்கொண்டிருந்தது. எதிர்நேரச் சிந்தனை: எதிராளியின் முறையிலும் விடாமல் யோசிப்பது. ஒரே கணினியில் இரண்டும் ஆடும்போது அது எதிராளியின் பலத்தில் பாதியைத் திருடும் என்பதால்தான் முதல் விதியாகவே அதைத் தடை செய்திருந்தோம். அந்த விதியை எழுதும்போது நானும் கூட இருந்தேன்.

"நானா இதைத் திறந்து பாத்திருக்க மாட்டேன்மா. நீங்கதான் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னீங்க," என்றார் வடுகநாதன். அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் தாங்கவில்லை.

விதி மீறிய ஊருக்குத் தோல்வி. மறு ஆட்டம் கிடையாது.

வெளியே அமல்தாஸ் படியில் உட்கார்ந்திருந்தான். "நம்ம புரோகிராம் குதிரையைக் கொடுத்துட்டு ஜெயிக்கிற வழியக் கண்டுபிடிச்சிருச்சுக்கா. அடுத்த நகர்த்தல்ல தெரிஞ்சிருக்கும். நீ கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்ல?"

"நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா, பாவி?"

"சொன்னா விட்டிருப்பியா?"



பிரகாசியிடம் போய்ச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. நான் போனேன். முகம் வீங்கி, மூச்சு வாங்கப் படுத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தோத்துட்டமா மதினி? அவுக ஏமாத்திட்டாகளா?"

அமல்தாஸின் பெயரை அவளிடம் எப்படிச் சொல்வேன்? "ஆமா பிரகாசி," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப திரும்ப ஆடச் சொல்லுங்க மதினி. நீங்க பக்கத்துல இருந்து சரியா பாத்துக்கிடுங்க. நேர்மையா ஆடுனா நாம ஜெயிச்சிருவோம்."