இழவு வீட்டில் சொன்ன சொல்

விழுந்துகிடந்த மண்சுவருக்கு அடியிலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். ரகுநாத் திரும்பிப் பார்த்தான். உடைந்த ஓடுகள், நசுங்கிய தகரப்பெட்டி, ஆள் உயரத்துக்குச் செம்மண் குவியல், அதன் தலைமாட்டில் பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்த ஓர் அகல்விளக்கு. பெருச்சாளியாக இருக்கும் என்று முடிவுகட்டினான். இந்த ஊரில் மனிதர்களைவிடப் பெருச்சாளிகளுக்குப் புத்தி அதிகம் என்பது அவன் கருத்து.

இலுப்பூருக்கு மேற்கே இருந்த அந்தச் சிற்றூரின் மண்வீடுகளைப் பாதிக்கு மேல் நிலநடுக்கம் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தது. தொண்டு நிறுவனத்தின் பேரில் ஊரைத் தூக்கி நிறுத்த வந்த புண்ணியவான் ரகுநாத். கண்மாய்க்கரையில் வரிசையாகத் தகரக் கொட்டகை போட்டிருந்தான். மத்தியான வெயிலில் உள்ளே அப்பளம் பொரிக்கலாம். சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டு போட்டோவுக்கு நிற்காமல் அனல் அடிக்கிறது என்று முணுமுணுத்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. திருமயத்தில் மனைவி கலைமதிக்கு இடுப்புவலி கண்டுவிட்டதாகச் சற்றுமுன் போன் வந்திருந்தது. தலைப்பிரசவம். பொழுது சாய்வதற்குள் அவன் வீடு போய்ச் சேர வேண்டும். இந்தச் செல்வராணியைக் கொட்டகைக்குக் கிளப்பிவிட்டால் வேலை முடிந்தது.

அவள் புருஷன் மலையாண்டியைத் தூக்கத்திலேயே அமுக்கியது இந்தச் சுவர்தான். பிணத்தை எடுத்து எரித்தாகிவிட்டது. அவளோ இடிந்த வீட்டின் முன்னால் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்றாள்.

"கருமாதி முடியட்டும் சார். அதுவரைக்கும் வெளக்கு அணையக் கூடாது. அவுக இங்கனதான் இருப்பாக."

"எங்க, இந்த மண்ணுக்குள்ளயா?" ரகுநாத் சிரித்தான். "நீங்கள்லாம் உருப்படவே மாட்டீங்கம்மா. சரி, நான் வாரேன்."

செல்வராணிக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, எழவு வீட்ல வாரேன்னு சொல்லாதீங்க சார். பேசாமப் போயிருங்க."

அவனும் புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவன்தான். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்று தெரியாதவனல்ல. தெரிந்திருந்ததாலேயே இளக்காரம் கூடியது. மண்குவியல் பக்கம் குனிந்து, கல்யாண வீட்டில் விடைபெறுகிறவன் மாதிரி கைகூப்பினான்.

"மலையாண்டியண்ணே, வாரேன். கட்டாயம் வாரேன்."

செல்வராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மண்ணுக்குள் செருமல் நின்றிருந்தது. உள்ளே எதுவோ காதுகொடுத்துக் கேட்பதற்காக அடங்கியது போலிருந்தது. அப்படித் தோன்றியதற்காக ரகுநாத்துக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

தைலமரக் காட்டு வழியே ஜீப் போனது. இருபுறமும் சருகுகள் காற்றில்லாமலே சலசலத்துக்கொண்டு வர, தைல இலையின் காரமான மணத்துக்கு அடியில் ஈரமண்ணின் வாடை மெல்ல மெல்ல ஏறி, மழை பெய்து மாதக்கணக்காகியும் இது எங்கிருந்து வருகிறது என்று அவன் கண்ணாடியை ஏற்றிவிட்ட பிறகும் ஜீப்புக்குள் நிறைந்தது. வளைவு திரும்பினால் தார்ரோடு.

செல்வராணியின் வீடு வந்தது.

ஒழுங்காக ஒரு ரோடு போட வக்கில்லாத ஜென்மங்கள் என்று திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினான். இந்தமுறை கண்மாய்க்கரை வழி. அவன் போட்ட கொட்டகைகள் வரிசையாகக் கடந்தன. ஒவ்வொன்றின் தகரத்தையும் உள்ளிருந்து யாரோ நகத்தால் கீறுவது போல் சத்தம். ஒன்றிலும் ஆளில்லை. கொட்டகைகள் முடிந்தன.

வீடு வந்தது.

போன் அடித்தது. கலைமதி.

"எங்கங்க இருக்கீங்க? வலி தாங்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. பயமா இருக்கு. வாரீங்களா?"

வாரேன் என்று சொல்ல வாயெடுத்தான். நாக்கு புரளவில்லை. அந்தச் சொல்லை வேறிடத்தில் கொடுத்தாகிவிட்டது. "வாரீங்களா?" என்று அவள் அழுதாள். போன் அணைந்தது.

அவனுக்கு அழுகை வந்தது. இறங்கினான். யாராவது ஒருவர் கைபிடித்து ரோட்டில் விட்டுவிட்டால் போதும்.

"செல்வராணியம்மா! தாயே! வழி காட்டுங்கம்மா!"

ஊரைக் காப்பாற்ற வந்த பெரிய மனிதன், பகலில் உருப்படமாட்டாய் என்று சபித்த பெண்பிள்ளையைத் தொண்டை கிழியக் கூவினான். தார்ப்பாய்க்கு அடியில் அவள் இல்லை. தெருவில் ஒருவரும் இல்லை. பொழுது அடங்கிவிட்டது.

திரும்பி ஓட நினைத்தான். கால்கள் உள்ளே நடந்தன.

ஈரமண் வாடை. விளக்கு வெளிச்சம். குவியல் நடுவில் பிளந்திருந்தது. பள்ளம். பாய் விரித்திருந்தது. அதில் ஓர் உருவம், அவனுக்கு முதுகைக் காட்டி, ஒருக்களித்து.

அது முழங்கையை ஊன்றியது. உடம்பிலிருந்து மண் சரிந்தது. மெல்ல நகர்ந்து, சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, இன்னோர் ஆள் படுக்கும் அளவுக்குப் பாயில் இடம் விட்டது.