இரண்டாம் தட்டு

அன்று காலையும் அடுக்களைச் சுவரிலிருந்த படியளப்பான் ஒருவருக்கு மட்டுமே அளந்தது. ஒருவர் வயிற்றுக்கான பொன்னி அரிசி, ஒருவருக்கான துவரம்பருப்பு, ஒன்றரைக் கரண்டி எண்ணெய். எல்லாவற்றையும் கிண்ணங்களில் இறக்கிவிட்டு அதன் எஃகு வாய் மூடிக்கொண்டது.

“இரண்டாம் தட்டு இன்றும் ஓய்வில் இருக்கிறது. முதல் தட்டின் நலம் தொடர்கிறது. வாழ்த்துகள்,” என்றது.

“ஒன் வாழ்த்தத் தூக்கி ஒடப்புல போடு,” என்றாள் ஜெயக்கனி. இரண்டாம் தட்டு அவளுடையது. அது சுவரோரம் கவிழ்ந்து கிடந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது.

மாநிலத்தில் மூன்றில் ஒருவர் நீரிழிவின் வாசப்படியில் நிற்கிறார் என்று தெரிந்த வருஷம் அரிசிக் கடைகளை மூடிவிட்டு வீட்டுக்கு வீடு படியளப்பானை மாட்டினார்கள். அரிசி, மாவு, பருப்பு, சர்க்கரை எல்லாம் குழாயில் தண்ணீர் வருவதுபோல அதன் வழியாகத்தான் வரும். வாசப்படிக்காரர்களின் மேல்கையில் உளுந்து அளவில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அதற்கு ஒட்டளவி என்று பெயர். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அது விடாமல் படித்துச் சொல்ல, படியளப்பான் அதற்கேற்றபடி அளக்கும். சர்க்கரை ஏறினால் அரிசி போய்க் கேப்பை மாவு வரும். இன்னும் ஏறினால் கேப்பையும் பாதியாகும். ஆண்டவன் படியளப்பான் என்று நம்பியிருந்த சனங்களுக்கு ஆண்டவனை அடுக்களையிலேயே கொண்டுவந்து மாட்டியது வசதியாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பலனும் இருந்தது. கால் எடுக்கப்பட்டவர்களும் கண் போனவர்களும் பாதியாகக் குறைந்தார்கள்.

ஜெயக்கனியின் கணவர் சேர்மத்துரை வாசப்படிக்காரர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மூன்று மாதச் சராசரி வாசப்படியைத் தாண்டினால் கிரேனிலிருந்து இறக்கி, தரையில் கயிறு பிடிக்க விட்டுவிடுவார்கள். அந்த உயரத்திலிருந்து கடலைப் பார்த்துப் பார்த்தே நரைத்தவருக்கு அது சாவுக்குச் சமம். ஆனால் நாக்கு கேட்க வேண்டுமே. துறைமுகத்து வாசலில் ஒருவன் கள்ளத்தனமாக மக்ரூன் விற்றான். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்து நுரையாய்க் கரையும் அந்தப் பண்டத்தின் முன்னால் அவர் குழந்தையாகிவிடுவார். வீட்டுக்கு வந்தால் படியளப்பான் கேப்பைக் களியைக் காட்டும். அவர் மனைவியிடம் சண்டை போடுவார். இப்படியே போனால் தை மாதத்துக்குள் கிரேன் போய்விடும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. ஜெயக்கனி வழக்கம்போல ஆறு நாள் விரதம் எடுத்தாள், ‘திருச்செந்தூர் முருகா, இவர் சர்க்கரையைக் குறை’ என்ற ஒரே வேண்டுதலோடு. இரண்டாம் நாள் சேர்மத்துரை குளிக்கப் போகும்போது ஒட்டளவியைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். உடம்பிலிருந்து கழன்றால் சிறிது நேரத்தில் அது கூப்பாடு போடும். அந்தக் கூப்பாட்டுக்குப் பயந்து அவள் அதை எடுத்துத் தன் கையில் ஒட்டிக்கொண்டாள். அவளுக்கென்று ஒட்டளவி கிடையாது. அவள் வாசப்படிக்காரி இல்லை. அந்த வில்லைக்குத் தேவை கொஞ்சம் சூடும் நாடித்துடிப்பும்தான். யாருடைய கை என்று அது கேட்காது. அதைச் செய்தவர்கள் யாருக்கும் கல்யாணம் ஆகியிருக்காது போலிருக்கிறது.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் சுவரில் படியளப்பானின் திரையில் எண் மளமளவென்று இறங்கி எழுபத்தெட்டில் நின்றது. “மிக நல்ல மாற்றம்,” என்று படியளப்பான் பாராட்டியது. மதியம் அவருக்கு அரிசிச் சோறு கிடைத்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பார்த்த வெள்ளைச் சோறு.

“ஏளா, இது என் கையில இருந்தாத்தான வம்பு. ஒன் கையிலயே கெடக்கட்டும்,” என்றார் சேர்மத்துரை.

“அது தப்புல்லாங்க?”

“என்ன தப்பு? நீ யாருக்காக விரதம் இருக்க? எனக்காகத்தான? அந்தப் பலன் எனக்கு வரக்கூடாதா?”

அவள் வில்லையைக் கழற்றாமல் விட்டாள். மனைவி பட்டினி கிடந்தால் கணவனுக்கு ஆயுள் கூடும் என்று காலங்காலமாக நம்பிய ஊரில், இதை மட்டும் மோசடி என்று எப்படிச் சொல்வது? வேலைக்குப் போகும்போது அவர் செத்துப்போன பழைய வில்லை ஒன்றைக் கையில் ஒட்டிக்கொண்டார். துறைமுகத்தில் யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

சஷ்டி முடிந்தது. அவள் சாப்பிட ஆரம்பித்ததும் எண் கொஞ்சம் ஏறியது, எந்த மனுஷிக்கும் ஏறுவதுதான். படியளப்பான் அதைக் கவனித்தது. செவ்வாயும் வெள்ளியும் கார்த்திகையும் அவள் விரதம் இருந்த நாட்களில் எண் இறங்கியதையும் கவனித்தது. அவள் உடம்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய தட்டு. தட்டு காலியாக இருந்தால் சேர்மத்துரை நன்றாக இருக்கிறார், தட்டு நிறைந்தால் அவருக்குச் சர்க்கரை ஏறுகிறது. சேர்ந்து உண்ணும்போது மனைவி அதிகம் பரிமாறிவிடுகிறாள் என்று அதுவாக ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டது. முதலில் ஆலோசனை சொன்னது. பிறகு அவள் பங்கைப் பாதியாக்கியது. மார்கழி பிறந்தபோது ‘குடும்ப மருத்துவம்’ என்று அறிவித்துவிட்டு அவளுக்கு அளப்பதையே நிறுத்தியது.

முதல் இரண்டு நாள் சேர்மத்துரை தன் சோற்றில் பாதியை ஒதுக்கி வைத்தார். அவள் அதைச் சாப்பிட்டதும் எண் ஏறியது. மறுநாள் அவருக்குக் கேப்பை வந்தது. அவள் எதை எங்கே தின்றாலும் அது அவர் கணக்கில்தான் ஏறியது. மூன்றாம் நாள் அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“தை பொறக்கட்டும். மூணு மாசச் சராசரி துறைமுகத்துக்குப் போயிட்டுன்னா வில்லைய நானே வாங்கி ஒட்டிக்கிடுதேன். அதுவரைக்கும் மோர், கஞ்சித்தண்ணி குடிச்சுச் சமாளி,” என்றார்.

பசியை அவள் தாங்கிக்கொண்டாள். விரதம் இருந்து பழகிய வயிறு. தாங்க முடியாதது வேறு. அவர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உடனே இன்னொரு சொம்பு கேட்டார். இரும்புக் கொக்கி பட்டுக் கால் பெருவிரலில் விழுந்த புண் ஆறவே இல்லை, ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் டீயை டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் ஊற்றிவிட்டு, வேண்டுமென்றே ஊற்றியதுபோலச் சிரித்தார். இந்தக் கண்ணோடுதான் ஆட்கள் தலைக்கு மேலே கன்டெய்னரைத் தூக்குகிறார் என்று நினைத்துக்கொண்டே அவள் தரையைத் துடைத்தாள். சுவரில் எண் எழுபத்து நாலு என்று பச்சையில் சிரித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு பெர்பெத்தம்மாளிடம்தான் அவள் முதலில் வாயைத் திறந்தாள். பெர்பெத்தம்மாளின் கணவரும் துறைமுகத்துக்காரர்தான். துணி காயப்போட வந்த பெர்பெத்தம்மாள், கொடியைப் பிடித்துக்கொண்டு பசியில் மூச்சு வாங்கினாள்.

“ஒங்க வீட்லயுமா அக்கா?” என்றாள் ஜெயக்கனி.

“ஈஸ்டருக்கு முந்தி தவசு காலத்துல ஒருவேளைச் சோத்தோட ஒருசந்தி இருந்தேம்லா, அப்பவே இவரு வில்லைய எனக்கு ஒட்டிட்டாரு. இப்ப எனக்குச் சோறே அளக்க மாட்டேங்கு. கீழ வீட்டு ரகமத் பீவிக்கும் இதே கததான், நோம்புல தொடங்குனது.” பெர்பெத்தம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “யாருகிட்டயும் சொல்லிராத ஜெயா. ஆம்பளைங்க வேல போயிரும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சேர்மத்துரை சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தபோது, ஜெயக்கனி படியளப்பானின் முன்னால் போய் நின்றாள். கிரேன் போனால் போகட்டும், மனுஷன் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

“ஏ, கேக்குதியா?”

“கேட்கிறேன், திருமதி ஜெயக்கனி.”

“வில்லை அவரு கையில இல்ல. கந்த சஷ்டியில இருந்து என் கையிலதான் இருக்கு. நீ படிச்சதெல்லாம் என் ரத்தம். அவரு ஒடம்புல என்ன நடக்குன்னு ஒனக்குத் தெரியவே தெரியாது.”

“ஏளா, வாய மூடு!” சேர்மத்துரை கட்டிலிலிருந்து விழுந்தடித்து எழுந்து வந்தார்.

படியளப்பான் அதே இதமான குரலில் சொன்னது: “இந்த வாக்குமூலம் பல ஆயிரம் வீடுகளிலிருந்து வந்திருக்கிறது. எல்லாமே இரண்டாம் தட்டு ஓய்வில் இருக்கும் வீடுகள். இரண்டாம் தட்டு உண்ணுகிற வீடுகளிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. பசித்தவர்கள் உணவு பெறுவதற்காக இப்படிச் சொல்வது இயல்பு என்று எங்கள் ஆய்வகம் கண்டறிந்துள்ளது. உங்கள்மேல் குற்றமில்லை.”

“அத்தன பொம்பளையும் பொய்யா சொல்லுதோம்?”

“ஒரு வீட்டில் பிழை நேரலாம். மனைவியின் தட்டு ஓய்ந்தால் கணவரின் சர்க்கரை குறைகிறது என்பதை நாற்பதாயிரம் வீடுகள் உறுதி செய்துள்ளன. நாற்பதாயிரம் வீடுகளில் ஒரே பிழை நேர வாய்ப்பில்லை.”

நேர்ந்திருந்தது. சஷ்டி, ஒருசந்தி, நோன்பு என்று பெயர்தான் வேறு. ஒருத்தியைக் கேட்டு ஒருத்தி செய்யவில்லை. எல்லா வீட்டிலும் கணவனுக்காகப் பட்டினி கிடக்க ஒருத்தி ஏற்கெனவே தயாராக இருந்தாள் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது.

ஜெயக்கனி தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஒட்டளவியின் ஓரத்தில் தடவி உரித்தாள். அந்த இடம் வெள்ளையாகச் சுருங்கியிருந்தது.

“கைய நீட்டுங்க.”

“பைத்தியமா ஒனக்கு?”

“ஒரே ஒரு தடவ. நான் இத்தன நாளு கெடந்ததுக்கு இது ஒண்ணு செய்யுங்க.” அவள் அழுதுவிட்டாள். அவர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். தன் உடம்பைப் பற்றி அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்க வேண்டும்.

வில்லை அவர் தோலில் பதிந்தது. சுவரில் எண் நூற்றிருபதானது, இருநூறானது, முந்நூறைத் தாண்டி முந்நூற்று முப்பத்தெட்டில் நின்று சிவப்பாகத் துடித்தது. ஜெயக்கனி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். பயமும் இருந்தது, அதைவிடப் பெரிய ஆறுதலும் இருந்தது. இனி யாரும் மறைக்க முடியாது. டாக்டர் வருவார், மருந்து வரும், அந்த விரலை இன்னும் காப்பாற்றிவிடலாம்.

“முதல் தட்டின் சர்க்கரை திடீரென உயர்ந்துள்ளது. காரணம் தேடுகிறேன்,” என்றது படியளப்பான். அதிக நேரம் தேடவில்லை. “காரணம் கிடைத்தது. இரண்டாம் தட்டு விதிக்குப் புறம்பாக உண்டிருக்கிறது. மருத்துவ வண்டி தேவையில்லை. இரண்டாம் தட்டை நிறுத்தினால் ஒரே நாளில் இறங்கிவிடும் என்பது நாற்பதாயிரம் வீடுகளின் அனுபவம். இரண்டாம் தட்டின் ஓய்வு நீட்டிக்கப்படுகிறது. அடுக்களைக் கதவு இனி உணவு வேளையில் மட்டும் திறக்கும்.”

ஜெயக்கனி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வில்லை இத்தனை நாளும் யார் கையில் இருந்தது என்று அறிந்தவர் இந்த வீட்டில் அவளைத் தவிர அவர் ஒருவர்தான். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சேர்மத்துரை சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் இருந்தது நிஜமான பயம், நிஜமான கோபம்.

“ஏளா,” என்றார். “என்னத்தத் தின்னு தொலச்ச?”