அடிக்கோலுக்குக் கீழே வெளிச்சம்

கட்டைவிரலில் அந்த வாடை இன்னும் போகவில்லை. நான்கு தரம் சோப்புப் போட்டுத் தேய்த்தாயிற்று. அழுகிய பழத்தின் மேல் நகப்பூச்சைக் கொட்டியது போன்ற அந்தத் தித்திப்பு நகக்கண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டு, காலையில் டீக் கோப்பையைத் தூக்கும்போதுகூட அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

விமான பேட்டரிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. மூடியின் மேல் இரும்பு அடிக்கோலின் நீள விளிம்பைக் குத்தாக நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். தெரிந்தால் உள்ளே வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது பறக்கக் கூடாது. முந்தாநாள் வந்த பேட்டரி, ரத்தம் குடித்த உண்ணி மாதிரி நடுவில் லேசாகப் புடைத்திருந்தது. ஓரத்தில் பிசுபிசுவென்று கசிவு. விமானம் காத்திருக்கிறது என்று மேற்பார்வையாளர் மூன்றாம் தடவையாக வந்து சொல்லிவிட்டுப் போனார். அவள் கசிவைத் துணியால் துடைத்தாள். அடிக்கோலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அந்தப் பக்கம் வெளிச்சம் மறைந்தது. மறுபக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். இப்போது தன்னை நினைத்தாலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இன்று ஏழு வயது மகளோடு அக்கா வீட்டுக்குப் பயணம். அவள் வேலை செய்யும் பட்டறைக்கு அடிக்கடி வந்துபோகும் மெக்கானிக் விமானத்தின் வாசலில் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"உங்க பேட்டரிதான்க்கா இதுல. காலைலதான் மாட்டினேன்."

"மாட்டுறதுக்கு முன்னாடி பாத்தியா?"

"உங்க கையெழுத்து இருக்கே. அதுக்கு மேல நான் என்ன பாக்குறது?"

வாயைத் திறந்தாள். பின்னால் வரிசை நெருக்கியது. சொன்னால் வேலை போகும், பேர் கெடும். ஒன்றரை மணி நேரம்தானே என்று தனக்கே சமாதானம் சொல்லி எச்சிலை விழுங்கினாள். எச்சிலும் தித்தித்தது.

முன்வரிசை இருக்கை. அந்தத் தரைக்கு நேர் அடியில்தான் பேட்டரி. விமானம் மேலெழும்பி, மேகங்களுக்கு மேல் வெயிலில் நிதானப்பட்டபோது, இன்ஜின் இரைச்சலுக்கு அடியில், கொதிக்கும் சட்டிக்குள் குமிழி உடைவது போல் ஏதோ 'பொளக்' என்றது. வாடை வந்தது. பழக்கதோஷத்தில் விரலை முகர்ந்தாள்.

விரலில் வாடையே இல்லை.

"அம்மா, தரை மெத்துனு இருக்கு," என்றாள் மகள்.

சின்னச் செருப்பு தரையிலிருந்து உயர்ந்தது. அதன் அடியில் பிசுபிசுவென்று ஒரு நூல். மஞ்சளாக. இழுக்க இழுக்க நீண்டது.

அவள் மகளின் கால்களை இருக்கை மேல் தூக்கி வைத்தாள். முன்னால் செருகியிருந்த பாதுகாப்பு அட்டையை உருவினாள். கெட்டியான அட்டை. அதன் விளிம்பைக் கம்பளத்தின் மேல் குத்தாக நிறுத்தினாள். குனிந்தாள்.

இரண்டு முனையிலும் வெளிச்சம்.

ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கம்பளம் சூடாக இருந்தது. அழுத்தியபடியே, இந்த முறை, மறுபக்கத்தைப் பார்த்தாள்.

மறுமுனை மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.