ஊரின் மறுகோடியில் இருக்கும் டிஸ்க்

டிஸ்க் இருப்பது ஊரின் மறுகோடியில், தம்பியின் கடையில். ஆனால் அவள் சேமிக்கும்போதெல்லாம் அது ஓடும் சத்தம் இந்த வீட்டுக்குள் கேட்டது. நறநறவென்று.

ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டுவது அவள் தொழில். இடம் போதவில்லை என்றதும் தம்பிதான் தன் கடை டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக அவள் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுத்தான். "உள்ளயே இருக்கிற டிஸ்க்குன்னு நெனச்சுக்கோக்கா. மெஷினும் அப்படித்தான் நெனச்சுக்கும்" என்றான். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் இவ்வளவு இடத்தைச் சும்மா கொடுத்தது அப்போதே அவளுக்கு உறுத்தியது. ஏதோ ஓட்டை டிஸ்க்கை இங்கேயே ஒளித்து வைத்துவிட்டானோ? மேசைக்கடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடினாள். தூசிதான் கையில் ஒட்டியது.

இன்றைய வேலை ஒரு கிழவரின் வாழ்க்கைக் கதை. 'எங்க அம்மா முகமே எனக்கு ஞாபகமில்ல' என்று அவர் சொல்லும் இடத்தில் ஓர் இருமலை வெட்டியெடுத்துச் சேமித்தாள். மழை இருட்டிக் கிடந்த அந்தப் பிற்பகலில், ஊறிய ஜன்னல் மரத்தின் வாடைக்கும் மின்விசிறியின் முனகலுக்கும் நடுவே அந்தச் சத்தம் மறுபடி எழ, அதன் பின்னாலேயே நடந்து மகளின் அறைக்குப் போய் நின்றாள். குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. ஒரு வாரமாகக் குழந்தைக்கு மறதி. முதலில் தோழியின் பெயர். அப்புறம் செருப்பு மாட்டும் விதம். நேற்று, தன் பெயர்.

தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"அந்த டிஸ்க்கா? போன வாரமே செத்துப்போச்சுக்கா. கழட்டி மூலைல போட்டுட்டேன். உனக்குச் சொல்லணும்னு நெனச்சேன்."

"அப்ப நான் எதுல சேமிச்சிட்டிருக்கேன்?"

போனைக் கட்டிலிலேயே போட்டாள்.

கம்ப்யூட்டருக்கு ஓடி வந்தாள். திரையில் பச்சைக் கோடு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. 'சேமிக்கிறது.' உள்ளறையில் நறநற. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். கோடு நகர்ந்தது. முடிந்தது.

சத்தம் நின்றது.

அறை வாசலில் மகள். வெறுங்காலோடு. அம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள், எங்கோ பார்த்த ஆளைப் பார்ப்பது போல. வாய் திறந்தது. கிழவரின் கரகரத்த குரல் வந்தது, இருமல் இல்லாமல்.

"எங்க அம்மா முகமே எனக்கு ஞாபகமில்ல."