முத்துத்தாய்க்கு ஒரு கரடிப் பொம்மை

பவதாரிணி சீட்டைப் பிரித்துப் பார்த்தாள். 'முத்துத்தாய்' என்று எழுதியிருந்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவில் ஒரு முத்துக்குமார் உண்டு. ஒரு முத்துமீனா உண்டு. முத்துத்தாய் என்று யாருமே கிடையாதே!

ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் 'கிறிஸ்மஸ் ஃப்ரெண்டு' விளையாட்டு நடக்கும். எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுவார்கள். யாருடைய சீட்டு கைக்கு வருகிறதோ அவருக்கு ஒரு சின்னப் பரிசு வாங்கி, அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள் கொடுக்க வேண்டும். அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. பவதாரிணிக்குக் கஷ்டமாக இருந்தது அந்தக் கடைசி விதிதான்.

அவள் மெதுவாக மேஜை அருகே போனாள்.

"மிஸ், இந்தப் பேருல நம்ம கிளாஸ்ல யாருமே இல்லையே!"

ரூபி மிஸ் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். குனிந்து அவள் காதில், "நம்ம ஆயாம்மாடி" என்றார். "இந்த வருஷம் ஆயாம்மா, வாட்ச்மேன், வேன் டிரைவர் பேரையும் சேர்த்திருக்கோம்."

பவதாரிணியின் முகம் சுருங்கிப் போயிற்று. எல்.கே.ஜி.யில் அழுதுகொண்டே வந்த முதல் நாள் அவளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டவர் ஆயாம்மா. முழங்காலில் அடிபட்டால் மருந்து போடுகிறவர் ஆயாம்மா. மணி அடிப்பதும் அவர்தான். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் பெயர் என்ன என்று கேட்கத் தோன்றவில்லையே!

சரி, பரிசாவது நல்லதாக வாங்குவோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் என்ன வாங்குவது? பெரியவர்களுக்குப் பரிசு வாங்கி அவளுக்குப் பழக்கமில்லை. அன்று மாலை வீட்டில் கேட்டாள்.

"சில்வர் டப்பா வாங்கிக் குடு" என்றார் அம்மா.

"சோப்பு டப்பா?" என்றார் அப்பா.

"ஏங்க, உங்களுக்கு யாராச்சும் சோப்பு டப்பா குடுத்தா சந்தோஷப்படுவீங்களா?" என்று கேட்டார் அம்மா.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "உள்ள சோப்பு இருந்தா..."

இவர்களை நம்பிப் பயனில்லை என்று பவதாரிணிக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் மதிய இடைவேளையில் ஆயாம்மா ஸ்டூலில் ஏறி நின்று, வராந்தாவில் காகித நட்சத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பவதாரிணி நூலை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஆயாம்மா, சின்னப் பிள்ளையில உங்களுக்கு யாராச்சும் கிறிஸ்மஸ் பரிசு குடுத்திருக்காங்களா?"

"எதுக்கு தாயி கேக்குற?"

"சும்மாதான். பொது அறிவுக்கு."

ஆயாம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூலைவிட்டு இறங்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஒரே ஒரு தடவ. அப்ப எனக்கு ஏழு வயசு இருக்கும். செக்கானூரணிக்கு அங்கிட்டு எங்க ஊரு. அம்மாவும் அப்பாவும் அடுத்தவுக காட்டுல களை எடுக்கப் போவாக. ஒரு கிறிஸ்மசுக்கு சர்ச்சுல இருந்து ரெண்டு சிஸ்டரு ஜீப்புல வந்தாக. ஒரு சாக்கு நெறைய பொம்மை! புள்ளைகள வரிசையா நிக்க வச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்தாக. எனக்கு ஒரு கரடி வந்துச்சு. வயித்துல மேளம் கட்டியிருக்கும். முதுகுல சாவி. திருகிவிட்டோம்னா டம டம டமன்னு அது பாட்டுக்கு அடிக்கும்."

"அந்தக் கரடி இப்ப எங்க?"

"அது ரெண்டே நாளுதேன் அடிச்சது. மூணாம் நாளு எங்க அண்ணன் பேயாண்டி, உள்ள யாரு உக்காந்து மேளம் அடிக்கிறான்னு பாக்கணும்னு பிரிச்சுப்புட்டாரு."

"உள்ள யாரு இருந்தா?"

"ஒரு சக்கரமும் ஒரு கம்பியுந்தேன் இருந்துச்சு! திரும்ப மாட்டத் தெரியல. நான் அழுதேன். எங்கம்மா அவர வெரட்டி வெரட்டி அடிச்சாக. அவரும் அழுதாரு."

பவதாரிணிக்குப் பாவமாக இருந்தது. ஆனால் ஆயாம்மாவின் முகத்தில் துளி வருத்தம்கூட இல்லை.

"ஆனா அந்த ரெண்டு நாளு இருக்கே தாயி! ஊருப் புள்ளைக அம்புட்டும் எங்க வீட்டு வாசல்லதேன். நான் சாவி குடுத்தாத்தேன் கரடி அடிக்கும். எம்புட்டுப் பெரிய ஆளு அப்ப நானு! இப்ப நெனச்சாலும் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வரும்."

அவ்வளவுதான். பவதாரிணி முடிவு செய்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை அப்பாவின் வண்டியில் கிளம்பினார்கள். கோரிப்பாளையம் சிக்னலில் கால் மணி நேரம் நின்று, பாலம் தாண்டி, ஒருவழியாக டவுன்ஹால் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கடைக்குக் கடை நட்சத்திரங்கள் தொங்கின. சிவப்புத் தொப்பிகளைக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஒருவர் கூவிக்கொண்டே போனார். கூட்டத்தில் அப்பாவின் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள் பவதாரிணி.

முதல் கடையில் கரடி இருந்தது. ஆனால் அது பேட்டரி போட்டால் ஆங்கிலத்தில் பாடும் கரடி. இரண்டாவது கடையில் ரிமோட்டில் நடக்கும் கரடி. மூன்றாவது கடைக்காரர், "சாவி குடுக்கிற பொம்மையா? அதெல்லாம் இப்ப யாரு பாப்பா வாங்குறா?" என்று கேட்டார்.

"நான்தான் வாங்குறேன்" என்றாள் பவதாரிணி.

அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

விளக்குத்தூண் பக்கம் வருவதற்குள் ஏழு கடைகள் ஆகிவிட்டன. அப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "பவா, பேசாம அந்த சோப்பு டப்பா..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

எட்டாவது கடை, ஒரு சந்துக்குள் இருந்த சின்னக் கடை. கடைக்கார பாய் பவதாரிணி சொன்னதை முழுதாகக் கேட்டார். ஆயாம்மாவின் ஜீப், சாக்கு, அண்ணன், கம்பி எல்லாவற்றையும் அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டிருந்தாள். பிறகு ஏணியைச் சாத்தி ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். தூசியில் மூன்று முறை தும்மினார்.

பெட்டிக்குள் ஒரு பழுப்புக் கரடி! வயிற்றில் சிவப்பு மேளம்! முதுகில் சாவி!

"இதுதான், இதுதான்!" என்று குதித்தாள் பவதாரிணி.

"சந்தோஷப்படாத பாப்பா. பழைய சரக்கு. இது ஓடாது" என்றார் பாய். சாவியைத் திருகிக் காட்டினார். உள்ளே 'கிர்ர்ர்' என்றது. கரடியின் கை ஒரு முறை உயர்ந்து, அப்படியே நின்றுவிட்டது. "ஓடாத பொருளுக்குக் காசு வாங்கினா எனக்குத் தூக்கம் வராது. நீ எடுத்துட்டுப் போ. அந்த அம்மா சும்மாவாச்சும் வச்சுப் பாக்கட்டும்."

அப்பா எவ்வளவோ சொல்லியும் அவர் பணம் வாங்கவில்லை. பவதாரிணி இரண்டு முறை நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தார். அவர் பேங்கில் வேலை பார்ப்பவர். கரடியின் முதுகைத் திறந்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "உள்ள சக்கரமும் கம்பியுமா இருக்கு" என்றார்.

"அது எனக்கே தெரியும்ப்பா!"

"அதுக்கு மேல எனக்கும் தெரியலம்மா."

பவதாரிணி டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டு தானே குனிந்து பார்த்தாள். அவசரப்படவில்லை. எதையும் கழற்றவும் இல்லை. சாவியை லேசாகத் திருகிவிட்டு, எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் பார்த்தாள். பெரிய சக்கரம் சுற்றியது. நடுச் சக்கரமும் சுற்றியது. சின்னச் சக்கரம் மட்டும் நடுங்கி நின்றது. அதன் பல்லில் மயிரிழை போல ஏதோ சுற்றியிருந்தது.

"அம்மா, ஒரு ஹேர்பின் குடுங்க!"

ஹேர்பின்னால் நெம்பி நெம்பி இழுத்தாள். கரடியின் உடம்பிலிருந்தே உதிர்ந்த பஞ்சு நூல்தான். சுருள் சுருளாக வெளியே வந்தது. கடைசி இழை அறுந்ததும், யாரும் தொடாமலே கரடி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

டம டம டம டம!

அப்பா பயந்துபோய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டார்.

பரிசு கொடுக்கும் நாளும் வந்தது. எல்லோரும் ஹாலில் கூடியிருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் மேடையில் ஏறி, பரிசைப் பிரித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்ட வேண்டும். பவதாரிணியின் பக்கத்தில் இருந்த தமிழ்மாறன் அவள் பெட்டியின் மூடியை லேசாகத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டான்.

"கரடி பொம்மையா? யாருக்கு?"

"சொல்ல மாட்டேன்."

"எல்.கே.ஜி. பாப்பாவுக்கா? பெரியவங்களுக்குனா, மேடையில பிரிச்சதும் எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சிருவாங்க!"

பவதாரிணி பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். இதை அவள் யோசிக்கவே இல்லை. கரடியின் கதை இங்கே யாருக்கும் தெரியாது. ஆயாம்மா அதை அவளிடம் மட்டும்தான் சொன்னார். இத்தனை பேருக்கு முன்னால் பொம்மையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆயாம்மா கூசிப்போய் நின்றால்?

எழுந்து நேராக ரூபி மிஸ்ஸிடம் போனாள்.

"மிஸ், என் பரிசை மேடையில வேணாம். நான் தனியா போய்க் குடுக்கட்டுமா? அவங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

மிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, போய்க் குடுத்துட்டு வா" என்றார்.

ஆயாம்மா ஹாலுக்கு வெளியே, பிள்ளைகள் கழற்றிப் போட்ட ஷூக்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கிறிஸ்மஸ் ஃப்ரெண்டு நான்தான்" என்று பெட்டியை நீட்டினாள் பவதாரிணி.

ஆயாம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். கரடியைப் பார்த்தார். கரடியை மெதுவாகத் திருப்பி, முதுகில் சாவி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

"ஓடுமா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"குடுத்துப் பாருங்க!"

ஆயாம்மா சாவி கொடுத்தார். கரடி அடிக்கத் தொடங்கியது. ஆயாம்மா அப்படியே ஷூக்களுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வழிந்தது. வாய் சிரித்துக்கொண்டே இருந்தது.

"தாயி, அந்த சிஸ்டருக்கு அன்னைக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லல. பொம்மை கையில வந்ததும் ஓடியே போயிட்டேன். அவுகளுக்கும் சேத்து இப்ப உனக்குச் சொல்லிக்கிறேன்."

பவதாரிணி பக்கத்தில் உட்கார்ந்து ஆயாம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஆயாம்மா தன் ஃபோனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார். "பேயாண்டி அண்ணே! நாந்தேன். ஒண்ணும் பேசாத, இதக் கேளு" என்று கரடியின் பக்கத்தில் ஃபோனை வைத்தார். டம டம டம! அந்தப் பக்கம் ஒரு வயதான குரல் சத்தமாகச் சிரித்தது. "அடியே! நான் இந்தா பஸ் ஏறி வாரேன், எனக்கும் ஒரு தடவ சாவி குடுக்கணும்!"

மேளச் சத்தம் கேட்டு எல்.கே.ஜி. பாப்பா ஒன்று எட்டிப் பார்த்தது. அடுத்து நான்கு பேர் வந்தார்கள். பிறகு தமிழ்மாறன் வந்தான். அவன் சிரிக்கவே இல்லை. "ஆயாம்மா, அடுத்து எனக்கு!" என்று வரிசையில் நின்றான். வரிசை நீண்டு ஹால் வாசல் வரை போயிற்று. ஆயாம்மா நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சாவியை எப்படித் திருக வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து மணி அடிக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. தலைமை ஆசிரியை வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பிறகு தானும் மெல்ல வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.