தள்ளினால் கிளம்பாத கார்

காருக்குள் இடுப்பளவு தண்ணீர்.

டிரைவர் சீட்டில், ஸ்டியரிங் மேல் தலை சாய்ந்து அன்பரசு. கடலூரில் இறால் ஏற்றுமதி. வயது முப்பத்திரண்டு. இனிமேல் ஏறப்போவதில்லை.

குமராட்சி வாய்க்காலில் இருந்து அந்த ஜெர்மன் காரை இழுத்து வெளியே போட்டபோது காலை மணி பதினொன்று. ஒரு மணிக்கெல்லாம் முதுநகர் மெக்கானிக் ரஃபியுதீனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

காரின் கியர்பாக்ஸ் ஆயிலை முந்தின நாள் மாற்றியது அவன்தான். போன வாரம் பத்துப் பேர் எதிரில், "இந்த வண்டியே உன்னக் கொன்னுடும்டா" என்று அன்பரசுவின் வேகத்தைத் திட்டியதும் அவன்தான். நண்பனைத் திட்டலாம், தப்பில்லை. அவன் மறு வாரமும் உயிரோடு இருக்க வேண்டும்!

சிதம்பரம். ஸ்டேஷன்.

மனைவி சாய்ரா அழுதுகொண்டே கொடுத்துவிட்டுப் போன டிபன் கேரியர் பெஞ்சில் இருந்தது. அவள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். ரஃபியுதீன் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தான். சங்கரா மீன் குழம்பு. அவனுக்குப் பிடித்தது.

இன்ஸ்பெக்டர் ரேகா ஒரு தாளை மேஜையில் போட்டாள்.

"உனக்கு எதிரா சாட்சி சொன்னது யாரு தெரியுமா? உன் பொண்டாட்டியோட தம்பி. அஃப்சல்."

ரஃபியுதீன் அந்தத் தாளை எட்டிப் பார்த்தான். அவனே ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, குமராட்சி மினிபஸ்ஸில் டிரைவர் வேலையும் வாங்கிக் கொடுத்த பையன். இன்று காலையில், "இவனையும் சிதம்பரத்துல விட்டுடு அன்பு" என்று அந்தக் காரில் ஏற்றிவிட்டதே ரஃபியுதீன்தான். வளர்த்த கடாவே மார்பில் பாய்ந்துவிட்டது. வலித்தது.

ரேகா வாக்குமூலத்தைப் படித்தாள். பைபாஸில் கார் நின்றுபோனதாம். பேட்டரி டவுன். அஃப்சல் இறங்கித் தள்ள, ஸ்டார்ட் ஆகிவிட்டதாம். கியரில் கடகட சத்தம். ரஃபியுதீன் கெடுத்துவிட்டான் என்று புலம்பியபடியே, அஃப்சலை அங்கேயே விட்டுவிட்டு அன்பரசு மட்டும் போனானாம்.

ரஃபியுதீன் கண்ணைத் துடைத்தான்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணானா?"

"எங்க ஜீப்பையே தெனம் நாலு பேர் தள்ளித்தான் எடுக்குறோம். இதுல என்ன அதிசயம்?"

"உங்க ஜீப்பு மேனுவல் மேடம். கிளட்ச் உங்க கால்ல இருக்கு. தள்ளிவிட்டுட்டு கால எடுத்தா, உருளுற சக்கரமே இன்ஜின எழுப்பிடும்."

"சரி."

"ஆட்டோமேட்டிக்ல கிளட்ச் பெடலே கெடயாது. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவுல ஆயில் சுத்தித்தான் வண்டிய இழுக்கும். அன்பு வண்டி மூணாவது ரகம். டூயல் கிளட்ச். ஒண்ணு, மூணு, அஞ்சு கியருக்கு ஒரு கிளட்ச். ரெண்டு, நாலு, ஆறுக்கு இன்னொண்ணு. ஒரு கிளட்ச் ஓடறப்பவே இன்னொண்ணு அடுத்த கியர ரெடியா வச்சிருக்கும். அதான் அந்த வேகம். ஆனா இன்ஜின் அணைஞ்சா ரெண்டும் விட்டுடும். கடலூர்லேந்து தள்ளிகிட்டே வந்தாலும் ஸ்டார்ட் ஆவாது."

மினிபஸ்காரனின் பொய். தினமும் பயணிகளை இறக்கித் தள்ளச் சொல்லியே வண்டி எடுப்பவனுக்கு வேறு பொய் எங்கே தோன்றும்?

ரேகா டிராயரில் இருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். காலையில் இருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது அது. பிணம் வலது பக்க சீட்டில். முன் கண்ணாடி விரிசல் விட்டிருந்ததோ இடது பக்கம்.

ரஃபியுதீன் அதை வாங்கிப் பார்த்தான்.

"ஓட்டுனது அன்பு இல்ல மேடம்" என்றான் மெதுவாக. "கியர் மாறுற சத்தம் கேட்டா மினிபஸ் ஓட்டுறவனுக்கு இடது கால் தானா கிளட்சத் தேடும். இந்த வண்டியில அந்த எடத்துல பிரேக். அத பஸ் கிளட்ச் மாதிரி மிதிச்சா... பக்கத்துல பெல்ட் போடாம ஒக்காந்தவன் கண்ணாடியிலதான் போய் மோதணும்."

சொல்லி முடித்த பிறகுதான், மச்சினனைப் பிடித்துக் கொடுத்துவிட்டோம் என்பது உறைத்தது.

நாலு மணிக்கு அஃப்சலைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கேள்வியில் உடைந்தான். கொள்ளிடக் கரையில் ஒரு ரவுண்டு ஓட்டுகிறேன் என்று கெஞ்சி ஸ்டியரிங்கை வாங்கியிருக்கிறான். கால் பழக்கதோஷம். அன்பரசு கண்ணாடியில் மோதிச் சாய்ந்தான். பயந்துபோய், அவனை டிரைவர் சீட்டுக்கு மாற்றி, நியூட்ரலில் போட்டு, காரைச் சரிவில் தள்ளிவிட்டான். ஆக, தள்ளியது நிஜம்தான். வாய்க்காலுக்குள்!

"செத்துட்டாருன்னு நெனச்சேன் மேடம்."

"போஸ்ட்மார்ட்டத்துல பார்த்தாச்சு, நுரையீரல்ல வாய்க்கால் தண்ணி இருக்குடா. நீ தள்ளுனப்போ அவனுக்கு மூச்சு இருந்திருக்கு."

அஃப்சல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ரஃபியுதீன் அவன் சட்டையைப் பிடித்தான்.

"என் பேர ஏன்டா இழுத்த?"

"நானா இழுக்கல மச்சான்." அஃப்சல் தலையைத் தூக்கவில்லை. "அக்காவுக்கு ஃபோன் பண்ணேன். அவதான் சொல்லச் சொன்னா. மெக்கானிக்குன்னா வேலையில தப்பு நடந்துபோச்சுன்னு ஜாமீன்ல வந்துடுவாரு, உனக்குன்னா தூக்குடான்னா."

ரஃபியுதீன் டிபன் கேரியரைப் பார்த்தான். சாப்பிட்ட இரண்டு வாயும் நெஞ்சில் நின்றது. இந்தக் குழம்பு கொதிக்கும்போதே அவளுக்கு எல்லாம் தெரியும்!

ஒரு பெண் போலீஸ் வேப்பமரத்தடிக்குப் போனார். வாசலில் நாலு கான்ஸ்டபிள்கள் ஜீப்பைத் தள்ள ஆரம்பித்தார்கள்.

ஏதாவது பேச வேண்டுமே என்று ரேகா கேட்டாள்.

"அந்த மூணு ரகத்துல எதுப்பா நல்லது?"

ரஃபியுதீன் கேரியரை மூடினான்.

"மேனுவல்தான் மேடம். கிளட்ச் பிடி விடப்போறது காலுக்காவது முன்னாடியே தெரியும்."